திரும்பி வந்த ஒரு யூரோ

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. காலை எட்டரை மணி. ரொறன்ரோவுக்குப் பக்கத்து மார்க்கம் நகரில், நான் வேலை செய்கிற கந்தோர் பார்க்கிங்கில் காரை நிறுத்திவிட்டு, இறங்குவதற்குக் கதவில் கை வைக்கிறேன்... போன் அடிக்கிறது. நஸீமா அக்கா.

"தங்கச்சி, உங்கட மெஷின் எனக்கு என்ன செய்துபோட்டுது தெரியுமே?"

ஒரு ஹலோ கூட இல்லை. "சுகமா இருக்கிறியளே, பிள்ளையள் சுகமே" என்று வீட்டில் எல்லோரையும் விசாரித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வருகிற மனுஷி அவர். நான் மறுபடியும் சீட்டில் சாய்ந்துகொண்டேன்.

"பாரிஸ்காரி அட்வான்ஸ் போட்டவ. நான் கேட்டது ஐஞ்ஞூறு. அவ ஐஞ்ஞூற்றியொண்டு போட்டிருக்கிறா. உங்கட கண்டறியாத மெஷின் அந்த ஒண்டைத் திருப்பி அனுப்பிப்போட்டுது!"

ஒரு யூரோ. அதைத் திருப்பி அனுப்பியாயிற்று. 'அதனால் என்ன?' என்று கேட்கிற வாசகர் யாராவது இருந்தால், தயவுசெய்து இந்த வாரம் குறுக்கெழுத்துப் பக்கத்துக்குப் போய்விடுங்கள். நான் நல்ல கோபத்தில் இருக்கிறேன்.

நஸீமா அக்கா ரொறன்ரோவின் ரெக்ஸ்டேல் பக்கம் இருக்கிறார். யாழ்ப்பாணத்து முஸ்லிம் குடும்பம். வீட்டு பேஸ்மென்ட்டில் இரண்டு தையல் மெஷின், ஒரு எம்பிராய்டரி மெஷின். லண்டன், பாரிஸ், சூரிச், சிட்னி என்று எங்கெங்கே தமிழ்ப் பெண்கள் கூறைச்சேலை உடுத்துகிறார்களோ, அங்கேயெல்லாம் அவர் தைத்த பிளவுஸ் போயிருக்கிறது. அளவு வாட்ஸ்அப்பில் வரும். பிளவுஸ் கூரியரில் போகும். கை இறுக்குகிறது, கழுத்து இறங்கிவிட்டது என்று ஒரு முறைப்பாடு வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

நான் ஒரு மென்பொருள் கொம்பனியில் டிசைனர். எங்கள் கொம்பனி செய்வது ஒரே ஒரு ஆப். சின்னச் சின்ன வியாபாரிகள் உலகத்தில் எந்த மூலையில் இருக்கிற வாடிக்கையாளருக்கும் அதில் இன்வொய்ஸ் அனுப்பலாம். அவர் தன்னுடைய நாட்டுக் காசிலேயே கட்டலாம். மூன்றே மூன்று ஸ்கிரீன். பில் எழுது, அனுப்பு, காசு வந்ததைப் பார். விளம்பரத்தில் நாங்கள் போடுவதும் அதுதான் — சிம்பிள்!

நஸீமா அக்காவுக்கு இதைச் சிபாரிசு செய்தவள் நான்தான். முன்பெல்லாம் அவர் பில்லைக் கொப்பியில் எழுதி, படம் எடுத்து, வாட்ஸ்அப்பில் போடுவார். "அக்கா, நீங்கள் எந்தக் காலத்திலை இருக்கிறியள்?" என்று நக்கலடித்து, நானே அவருடைய போனில் ஏற்றிக் கொடுத்தேன். சும்மா இருந்த மனுஷி.

இனி, அன்று நடந்தது.

பாரிஸில் சறோஜா என்று ஒரு தாய். மகளுக்குக் கலியாணம். மணப்பெண்ணுக்கு இரண்டு பிளவுஸ், தோழிப் பெண்களுக்கு ஐந்து. அட்வான்ஸ் ஐந்நூறு யூரோ. வெள்ளிக்கிழமை, ராகுகாலம் தொடங்க முன்னம், தலை முழுகி, போனைச் சாமிப்படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டு, ஐந்நூற்றியொன்று என்று அடித்து அனுப்பியிருக்கிறார்.

நல்ல காரியத்துக்குக் கொடுக்கிற காசு பூச்சியத்தில் முடியக்கூடாது. ஒன்று கூட வைத்துத்தான் கொடுக்க வேண்டும். இதை நான் உங்களுக்கு விளக்க வேண்டுமா? கலியாண ஹோல் வாசலில், காருக்குள் இருந்தபடி, கப் ஹோல்டரைக் கிண்டி ஒரு டொலர் லூனிக் குற்றி தேடாதவர் நம்மில் யார்? 'இப்பதானே பார்க்கிங் மெஷினுக்குப் போட்டனான்' என்று புருஷனோ பெண்சாதியோ சொல்ல, அதிலே ஒரு சின்னச் சண்டை பிடிக்காதவர் யார்?

நாலாவது நிமிடம் சறோஜாவுக்கு ஈமெயில் வருகிறது. பிரெஞ்சில். சிவப்பு எழுத்தில். 'உங்கள் பணம் திருப்பி அனுப்பப்பட்டுள்ளது.' எவ்வளவு பணம் என்பது அதன் அடியில், எறும்பு அளவு எழுத்தில்.

பதறிப்போய் நஸீமா அக்காவுக்கு அழைத்திருக்கிறார். இங்கே விடியப்புறம் மூன்றரை மணி. யார் எடுப்பது? சரி, தன்னுடைய கைதான் எங்கேயோ பிழையாகத் தட்டிவிட்டது என்று நினைத்து, அந்த ஒரு யூரோவைத் தனியாக அனுப்பியிருக்கிறார். 'இதற்குப் பில் இல்லை' என்று திரும்பி வந்தது. இன்னொரு தரம் அனுப்பினார். அதுவும் திரும்பி வந்தது.

மூன்று தரம்! கலியாணத்துக்கு வைத்த காசு, மூன்று தரம்!

அத்தோடு விட்டதா எங்கள் சிம்பிள்? ஒரே கார்ட்டிலிருந்து ஒரு யூரோ, ஒரு யூரோ என்று வந்தால், அது திருட்டுக் கார்ட்டைச் சோதித்துப் பார்க்கிற கள்ளன் என்று அதற்குச் சொல்லிக்கொடுத்து வைத்திருக்கிறோம். சறோஜாவின் கணக்கையே பூட்டிவிட்டது. 'சந்தேகத்துக்கிடமான நடவடிக்கை' என்று அதற்கும் ஒரு ஈமெயில். தலையில் ஈரம் காயவில்லை, சாமிப்படத்து விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது, பெண்ணைப் பெற்ற தாய்... சந்தேகத்துக்கிடமானவர்!

பார்க்கிங்கில் இருந்தபடி இதையெல்லாம் கேட்டேன். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

"அக்கா, நான் பாக்கிறன். இண்டைக்கே இதுக்கு ஒரு முடிவு கட்டுறன்" என்றேன். பெரிய ஆள் மாதிரி.

லிஃப்டில் ஏறும்போது மனதுக்குள் வசனம் ஓடிக்கொண்டிருந்தது. இந்த ரொறன்ரோவில் ஒரு கோப்பி வாங்கப் போனால் என்ன நடக்கிறது? பிள்ளை கோப்பையை எடுத்துத் தருகிறது. எடுத்துத் தந்ததற்காக மெஷினைத் திருப்பி நம் பக்கம் நீட்டுகிறது. ரிப்ஸ் என்கிற இனாம் பதினெட்டு சதவீதமா, இருபதா, இருபத்தைந்தா? ஒன்றும் வேண்டாம் என்ற பட்டனைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் பின்னால் நிற்கிறவர் செருமத் தொடங்கிவிடுகிறார். கூடக் கொடு, கூடக் கொடு என்று நாளைக்குப் பத்துத் தரம் நெருக்குகிற ஊர். இங்கே ஒரு தாய் தானாக மனம் விரும்பி ஒரு யூரோ கூடக் கொடுத்தால் மட்டும் மெஷினுக்குப் பயம் பிடித்துவிடுகிறதா? இது எந்த ஊர் நியாயம்?

கைல் எங்கள் மேலாளர். கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். என் பெயரைச் சரியாகச் சொல்லப் பழகிய ஒரே மேலாளர். ஆனால் அன்றைக்கு அவனை விடுவதாக இல்லை. பத்து மணி மீற்றிங்கில், கண்ணாடி அறைக்குள், எட்டுப் பேருக்கு முன்னால் விஷயத்தைப் போட்டு உடைத்தேன்.

இங்கிலீஷில் விளக்குவதுதான் பெரும் பாடாக இருந்தது. மங்களம் என்பதற்கு 'ஓஸ்பிஷஸ்' என்ற சொல்லை மூன்று தரம் சொன்னேன். மூன்று தரமும் நான் ஏதோ மந்திரித்துத் தாயத்துக் கட்டுகிற ஆள் மாதிரி எனக்கே பட்டது.

"ஓ, ரிப் மாதிரியா?" என்றான் கைல்.

"இல்லை."

"டொனேஷன்?"

"இல்லை."

"அப்படியென்றால் அந்த ஒன்று எதற்கு?"

எதற்கு? இத்தனை வயதுக்கு என்னை யாரும் இப்படிக் கேட்டதில்லை. "காரியம் பூச்சியத்தில் முடியாமல் தொடர வேண்டும் என்பதற்கு" என்றேன். கைல் தலையை ஆட்டினான். எழுதியும் கொண்டான். விளங்கியதாகத் தெரியவில்லை.

"சரி, ஒரு ரிப் பட்டன் போடலாமே! பதினைந்து, பதினெட்டு, இருபது..."

ஐயோ! ஐந்நூறு யூரோவில் பதினெட்டு சதவீதம் தொண்ணூறு யூரோ. அந்தப் பட்டன் கண்ணில் பட்டால் சறோஜா கலியாணத்தையே தள்ளிப் போட்டுவிடுவார்.

"அப்படியென்றால் உங்கள் தையல்காரரை ஐந்நூற்றியொன்று என்றே பில் எழுதச் சொல்லுங்களேன். இது ஒரு எட்ஜ் கேஸ்தானே?"

எட்ஜ் கேஸ் என்பது எங்கள் தொழிலில் ஒரு செல்லப் பேச்சு. எங்கேயோ ஓரத்தில், எப்போதோ ஒரு தரம் நடக்கிற விஷயம், அதற்காக மினக்கெடத் தேவையில்லை என்று அர்த்தம். ஓரமா? தமிழன் ஒன்று கூட வைக்கிறான். தெலுங்கன் வைக்கிறான். குஜராத்தி வைக்கிறான், பஞ்சாபி வைக்கிறான். இத்தனை பேரையும் கொண்டுபோய் ஓரத்தில் இருத்திவிட்டு, நடுவில் யாரை வைத்திருக்கிறீர்கள்? விளம்பரத்தில் பூமிப்பந்தைச் சுற்றிச் சுற்றிக் காட்டுகிறீர்களே, அந்தப் பந்தில் இவர்கள் வசிக்கவில்லையா?

இவ்வளவையும் கேட்டேன். மேசையிலும் தட்டினேன் என்று நினைக்கிறேன். கடைசியாக ஒன்று கேட்டேன் பாருங்கள்... அதைக் கேட்காமல் இருந்திருக்கலாம்.

"கூட வருகிற காசைக் கேள்வி கேட்காமல் திருப்பு என்று விதி எழுதின புத்திசாலி யார்?"

கைல் லாப்டொப்பைத் திறந்தான். எங்கள் கொம்பனியில் எந்த விதியையும் யார் சொல்லி, எதற்காகப் போட்டோம் என்று ஒரு பக்கத்தில் எழுதி வைப்பது வழக்கம். அந்தப் பக்கத்தைச் சுவரில் இருந்த பெரிய திரையில் போட்டான்.

பரிந்துரைத்தவர் என்ற இடத்தில் என் பெயர். எழுத்துப் பிழை இல்லாமல்.

எனக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. இரண்டு வருடத்துக்கு முந்திய கதை. அப்போது ஆப்பில் நாலு ஸ்கிரீன் இருந்தது. காசு கூட வந்தால் 'என்ன செய்யலாம்?' என்று வியாபாரியைக் கேட்கிற ஒரு ஸ்கிரீன். அதைத் தூக்கலாம் என்று சொன்னவள் நான். கூட வந்தால் அது தட்டும்போது விட்ட பிழைதானே, நாமே திருப்பிவிட்டால் யாருக்கும் தலையிடி இல்லை என்றேன். "யாராவது வேண்டுமென்றே கூடக் கட்டுவார்களா?" என்று கைல்தான் அன்றைக்குக் கேட்டான். ஓம், கைல்தான் கேட்டான்! நான் சிரித்தேன். "எந்த விசரன் பில்லுக்கு மேலே காசு கட்டுவான்?" என்று இங்கிலீஷில் பகிடி விட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். நாலு மூன்றானது. எனக்குக் கைதட்டினார்கள்.

அந்தச் சனிக்கிழமை நான் ஒரு கலியாண வீட்டுக்குப் போய், இருநூற்றியொரு டொலர் வைத்துக் கொடுத்துவிட்டு வந்திருப்பேன். அதிலே ஒரு சந்தேகமும் இல்லை.

எப்படி நடந்தது இது? நான் வெளியில் ஒரு ஆள், கந்தோருக்குள் இன்னொரு ஆளா? கந்தோர் வாசலில் அட்டையைத் தேய்த்து உள்ளே போகும்போது, எனக்குத் தெரிந்த பாதியைக் காருக்குள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டுப் போகிறேனா? வெள்ளைக்காரனுக்கு எங்களைத் தெரியாது என்று வருடக்கணக்காக இந்தப் பத்தியில் எத்தனை தரம் பொரிந்து தள்ளியிருப்பேன்! கேட்டவனுக்குச் சொல்லாமல் பகிடி விட்டவள் நான். சொன்னால் சிரிப்பார்களோ என்று வெட்கப்பட்டு, அவர்களுக்கு முன்னம் நானே சிரித்தவள்.

கைலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவன் குத்திக் காட்டவில்லை. "நாலாவது ஸ்கிரீனைத் திரும்பக் கொண்டுவரலாம்" என்றான். 'ஒன்று கூட வந்திருக்கிறது, வைத்துக்கொள்கிறீர்களா?' என்று வியாபாரியைக் கேட்கிற ஒரே ஒரு கேள்வி. இரண்டு வாரத்து வேலை. சறோஜாவின் கணக்கை அன்று மத்தியானமே திறந்துவிட்டார்கள்.

ஆப்பைத் திருத்துவது லேசு. பாரிஸை?

நானே சறோஜாவுக்கு அழைத்தேன். கொம்பனியிலிருந்து பேசுகிறேன், எங்கட பிழை என்றேன். 'என்ர பிழை' என்று வாயில் வரவில்லை. அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"பிள்ளை, உங்களிலை எனக்குக் கோவமில்லை. நஸீமாவிலையும் இல்லை. என்ர மூத்தவளுக்கும் அவதான் தைச்சவ" என்றார். "ஆனா, மூண்டு தரம் திரும்பி வந்த காசு. மாப்பிளையின்ர தாய் அந்த நேரம் என்ர வீட்டிலை நிண்டவ. ஈமெயிலை என்ர மகள் வாசிச்சுச் சொல்லேக்கை அவவும் கேட்டுக்கொண்டிருந்தவ. இனி அந்தப் பிளவுஸை என்ர பிள்ளைக்குப் போட விடுவினமே?"

"அன்ரி, அது மெஷின். அதுக்கு ஒண்டும் தெரியாது."

"எனக்கு விளங்குது பிள்ளை. நாளைக்கு அந்த வீட்டிலை ஒரு சின்னத் தலையிடி எண்டாலும் இதைத்தான் சொல்லுவினம். என்ர பிள்ளைதான் அங்கை போய் இருக்கவேணும்."

பிளவுஸ் ஓடர் லண்டனில் வேறு ஒருவருக்குப் போய்விட்டது. இதை மூடநம்பிக்கை என்று சொல்லி முகத்தைச் சுளிக்கிறவர்கள் சுளிக்கலாம். பதின்மூன்றாம் மாடிக்குப் பதினான்கு என்று இலக்கம் போடுகிற கட்டடங்கள் இந்த நகரத்தில் எத்தனை இருக்கின்றன? அதற்கு லிஃப்டில் பட்டனே இல்லாமல் செய்து கொடுக்கிறார்கள். யாரும் அதை எட்ஜ் கேஸ் என்று சொல்லி நான் கேட்டதில்லை.

நஸீமா அக்கா சறோஜாவுக்கு ஐந்நூறு யூரோவையும் திருப்பி அனுப்பினார். அதற்கு மட்டும் எங்கள் ஆப் ஒரு குறையும் சொல்லவில்லை. வழுக்கிக்கொண்டு போனது.

போன ஞாயிற்றுக்கிழமை ரெக்ஸ்டேலுக்குப் போனேன். நேரில் போய்ச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். எங்கள் வீடு இருக்கிற ஸ்ரௌவ்வில்லிலிருந்து ரெக்ஸ்டேலுக்குக் கார் ஓடுகிற நேரத்தில் ஒரு மன்னிப்பை எத்தனை விதமாகச் சொல்லிப் பார்க்கலாம் தெரியுமா? எல்லா விதமும் சொல்லிப் பார்த்தேன்.

பேஸ்மென்ட்டில் மேசை நிறையத் துணி. ஏழு பிளவுஸுக்கு வெட்டின துணி. வெள்ளி விடியப்புறமே எழும்பி, விஷயம் தெரியாமல், ஆப்பில் அட்வான்ஸ் வந்ததைப் பார்த்த சந்தோஷத்தில் முதலில் துணியைத்தான் வெட்டியிருக்கிறார். அதற்குப் பிறகுதான் வாட்ஸ்அப்பில் வந்து கிடந்த அழைப்புகளைப் பார்த்திருக்கிறார். ஏழு பெண்களின் அளவில் வெட்டின துணியை வேறு யாருக்குத் தைப்பது?

"பாரிஸிலை எனக்கு வாற ஓடர் முழுக்க சறோஜாவின்ர வாயாலை வாறதுதான், தங்கச்சி. அவ சொன்னாத்தான் மற்றவையும் தருவினம்" என்றார். அழவில்லை. துணியை மடித்துக்கொண்டே சொன்னார். "இனி அவவுக்கே சொல்ல ஏலாது."

கைல் சொன்னதை மெல்லக் கேட்டுப் பார்த்தேன். "அக்கா, இனி நீங்களே பில்லை ஐஞ்ஞூற்றியொண்டு எண்டு எழுதினா என்ன?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நான் கேட்டு வாங்கினா அது என்ன ஒண்டு? எங்கட ஆக்களிட்டை உந்த ஒண்டு வைக்கிற வழக்கமில்லை. ஆனா, உங்கட ஆக்கள் வைக்கேக்கை அதை நான் பிரிச்சு எடுத்து, பள்ளிவாசல் உண்டியலிலை போட்டிடுவன். அது எனக்குத் தாற காசில்லை. அந்தப் பிள்ளை நல்லா இருக்கவேணும் எண்டு தாற காசு. அதை எப்பிடித் தங்கச்சி நான் பில்லிலை எழுதுறது?"

கண்ணாடி அறைக்குள் எட்டுப் பேருக்கு நான் மூன்று தரம் சொல்லியும் விளங்கப்படுத்த முடியாததை, இந்த வழக்கமே இல்லாத ஒரு மனுஷி துணி மடிக்கிற நேரத்துக்குள் சொல்லி முடித்துவிட்டார்.

பால் விடாத பிளேன்ரீ வந்தது. தொதல் இனிப்பும் வந்தது. இப்போது சொல்ல வேண்டும், இப்போது சொல்ல வேண்டும் என்று கோப்பையைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, நான் கவலைப்படுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

"நீங்கள் ஏன் தங்கச்சி முகத்தை உப்பிடி வைச்சிருக்கிறியள்? நீங்கள் உதுக்குக் கலர் போட்டுக் குடுக்கிற ஆள்தானே. உதை எழுதினவன் ஆரோ ஒரு வெள்ளைக்காரன். பாவம், அவனுக்கு எங்கட விசயம் என்னெண்டு தெரியும்?"

என் கையில் கோப்பை. மேசையில் ஏழு பிளவுஸ்.

"ஓம் அக்கா" என்றேன்.

வரும்போது பிள்ளைகளுக்கென்று தொதலைப் பொதி கட்டித் தந்தார். வாங்கிக்கொண்டு வந்தேன். அதை வாங்கவும் எனக்கு ஒரு முகம் இருந்தது.

நஸீமா அக்கா இந்தப் பத்தியை ஒரு வாரமும் விடாமல் வாசிக்கிறவர். வாசித்துவிட்டு, இது சரி, அது பிழை என்று வொய்ஸ் மெசேஜும் போடுகிறவர். வெள்ளைக்காரனைத் திட்டி ஒரு நல்ல கட்டுரை எழுதி, இந்த வாரத்தையும் ஒப்பேற்றியிருக்கலாம். பாதி எழுதியும் வைத்திருந்தேன், நன்றாகத்தான் வந்திருந்தது.

அக்கா, வெள்ளைக்காரன் கேட்டவன். சிரித்தவள் நான்.